ஊமை என்று விற்கப்பட்டவள்

என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் உரையாசிரியர்கள் இருக்கிறார்கள். கீழ்த்தட்டில், குனிந்தால் மட்டுமே கண்ணில் படும் இடத்தில், வைக்கிங்குகள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் சக ஆசிரியர்கள் நச்சினார்க்கினியரையும் பேராசிரியரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காப்பி குடித்துப் போவது வழக்கம். சென்ற மாதம் ஒரு தோழி மட்டும் குனிந்து பார்த்துவிட்டார். ஒரு புத்தகத்தை உருவி, பழுப்புத்தாள் அட்டையைப் பிரித்து, உள்ளேயிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்களா படிக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஏன்?" என்றார். அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1998இல் நான் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் ஊரில் இருந்த வாடகை நூல்நிலையத்தை மூடினார்கள். எதை எடுத்தாலும் ஐந்து ரூபாய் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பள்ளி நாட்களில் சாண்டில்யனின் 'கடல் புறா'வை நாள் வாடகைக்கு எடுத்துப் படித்த இடம் அது. கப்பல், கடல், வாள், இடையில் ஒரு காதல் என்றால் எனக்கு இன்றும் மனம் சாயும். அன்று ஆங்கிலப் புத்தகக் குவியலில் கைக்குக் கிடைத்தது ஜோஹன்னா லிண்ட்ஸேயின் 'ஃபயர்ஸ் ஆஃப் வின்டர்'. 1980இல் வெளிவந்த நாவல். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அட்டைக்கு மேல் அட்டை போட்டேன். புறப்பொருள் தேர்வுக்குப் படிக்க வேண்டிய இரண்டு இரவுகள் அந்த நாவலோடு போயின.

கதை ஒன்பதாம் நூற்றாண்டில் நடக்கிறது. பிரென்னா என்ற கெல்டியப் பிரபுவின் மகள், வாள் பயின்றவள். கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் அவள் ஊரைத் தாக்கி, அவளைப் பிடித்துக்கொண்டு நார்வே போகிறார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் தன் மகன் காரிக்குக்கு அவளை அடிமையாகக் கொடுக்கிறான். அவள் பணிய மறுக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், தப்பி ஓடப் பார்க்கிறாள். பனிக்காலம் வருகிறது. வெறுப்பு மெல்ல மெல்லக் காதலாகிறது. இதன் தொடர்ச்சியாக 1987இல் வந்த 'ஹார்ட்ஸ் அஃப்ளேம்' நாவலில் லிண்ட்ஸே அதே கதையைத் திருப்பிப் போட்டார்: காரிக், பிரென்னா இவர்களின் மகள் கிறிஸ்டன் இங்கிலாந்தில் ஒரு சாக்ஸன் பிரபுவிடம் சிறைப்படுகிறாள். பிடித்தவன் மாறினாலும் பிடிபட்டவள் பெண்தான்; முடிவும் அதே முடிவுதான். 1977இல் வந்த லிண்ட்ஸேயின் முதல் நாவலுக்கே 'கேப்டிவ் பிரைட்' என்று பெயர். சிறைப்பட்ட மணமகள். ஒரு கதைவகையின் முழு இலக்கணத்தையும் இரண்டு சொல்லில் சொல்லிவிட்ட தலைப்பு அது.

இந்த நாவல்களை இளப்பமாகப் பேசுவது எளிது. எனக்கு அது வராது. பிரென்னாவை எனக்குப் பிடித்திருந்தது. அவள் பேசினாள். யாரிடம் பேசக்கூடாதோ அவனிடம், எந்த இடத்தில் பேசக்கூடாதோ அந்த இடத்தில் பேசினாள். இருபது வயதில், விடுதி வார்டனிடம்கூட நிமிர்ந்து பேசாத எனக்கு அது பெரிய விஷயம். அவள் எப்படி அங்கே வந்தாள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கதை தொடங்க ஒரு காரணம் வேண்டும், கப்பல் வந்தது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்துப் படித்தது முற்றிலும் வேறு தரத்து நாவல். ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரான்ஸ் பெங்ட்ஸன் 1941இலும் 1945இலும் இரண்டு பாகங்களாக எழுதிய 'ரோட ஓர்ம்'. 1954இல் மைக்கேல் மேயரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'தி லாங் ஷிப்ஸ்'. வைக்கிங் நாவல்களில் ஒன்றே ஒன்றைப் படிக்க நேரம் உண்டு என்று யாராவது சொன்னால் இதைத்தான் கையில் கொடுப்பேன். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் நடக்கும் கதை. கதாநாயகன் ஓர்ம் பெரிய வீரன். ஆனால் சளி பிடித்துவிடுமோ, வயிறு கெட்டுவிடுமோ என்று சதா தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவன். டென்மார்க் அரசன் ஹரால்டின் அரண்மனைக்கு ஒரு பனிக்கால விருந்துக்குப் போகிறான். இன்று நம் கைப்பேசிகளில் இருக்கும் புளூடூத்துக்குப் பெயர் கொடுத்த அதே நீலப்பல் ஹரால்ட்தான். நாவலில் கிழவருக்கு ஓயாத பல்வலி. விருந்தில் நடக்கும் சண்டையில் காயம்பட்டுக் கிடக்கும் ஓர்முக்கு அரசனின் மகள் இல்வா பணிவிடை செய்கிறாள். அவர்கள் காதல் முழுக்க வாய்ச்சண்டைதான். அவளுக்கு ஓர்ம் தரும் பொற்சங்கிலி ஸ்பெயினின் அல்மன்சூரிடமிருந்து அவன் பெற்றது. பிற்பாடு அவளை மணப்பதற்காகவே ஞானஸ்நானம் பெறுகிறான். மதமாற்றத்தை இத்தனை நகைச்சுவையோடும் இத்தனை மரியாதையோடும் எழுதிய நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

அந்த நாவலில் ஓர்மும் அடிமையாக இருக்கிறான். பதின்வயதில் வைக்கிங்குகளே அவனைப் பிடித்துப் போகிறார்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து ஸ்பெயின் கடலில் பிடிபட்டு, அல்மன்சூரின் கப்பலில் துடுப்போடு சேர்த்துச் சங்கிலியிடப்படுகிறான். அந்தப் பக்கங்களில் பெங்ட்ஸன் சிரிக்கவில்லை. சாட்டை, வெயில், பக்கத்தில் இருப்பவன் சாவது எல்லாம் வருகின்றன. படிக்கிற நாமும் அவன் என்று தப்புவான் என்றுதான் பதைக்கிறோம். சாட்டை வைத்திருப்பவன்மேல் அவனுக்குப் பாசம் வந்துவிடும் என்று ஒரு வரிகூட எதிர்பார்ப்பதில்லை. ஆண் அடிமையானால் விடுதலைக் கதை. பெண் அடிமையானால் காதல் கதை. இதை நான் கவனிக்கப் பல ஆண்டுகள் ஆயின. கவனித்ததும் என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

நான் பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 2009. இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி, ஆங்கிலம் பழக வேண்டும், சுவாரசியமான கதைப்புத்தகம் ஏதாவது தாருங்கள் என்று கேட்டாள். லிண்ட்ஸேயைக் கொடுத்தேன். எனக்கு ஆங்கிலம் ஓட்டமாகப் படிக்க வந்ததே அந்தப் புத்தகத்தில்தான். அவளுக்கும் வரட்டும் என்று நினைத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் படித்துவிட்டதாகச் சொன்னாள். இன்னொரு முறை படித்துவிட்டுத் தருகிறேன் என்றாள்.

அந்த ஆண்டு முழுவதும் அவள் தெருவைச் சேர்ந்த ஒருவன் அவள் பின்னால் அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு நாள் கடைத்தெருவில் வழிமறித்துக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். பார்த்தவர்கள் பேசினார்கள். பேச்சு வளர்ந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி, இவ்வளவு தூரம் ஆனபிறகு வேறு யார் கட்டுவார்கள், பையனும் ஆசைப்படுகிறான், அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் துறைக்கு வந்து நின்றாள்.

"கல்யாணம் முடிவாயிடுச்சும்மா."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கலைதான். ஆனா நீங்க குடுத்த கதையிலயும் மொதல்ல அவளுக்குப் பிடிக்காதுல்லம்மா? போகப் போகச் சரியாயிடுதே."

அவள் குற்றம் சாட்டவில்லை. எங்கோ ஒரு ஆறுதலைக் கண்டுபிடித்து, அது சரிதானா என்று என்னிடம் கேட்டாள். நான், "அது கதைம்மா" என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசியிருக்கலாம். முதல்வரிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பத்தொன்பது வயது. வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். திருமணத்துக்குப் போனேன். குத்துவிளக்கு ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் ஆண்டுக்கு அவள் வரவில்லை. புத்தகமும் வரவில்லை. இப்போது என் அலமாரியில் இருப்பது பின்னால் வாங்கிய வேறொரு பிரதி.

அதற்கடுத்த ஆண்டுதான் ஸிக்ரிட் உண்ட்ஸெட்டைப் படித்தேன். 1928இல் நோபல் பரிசு பெற்ற நார்வே நாவலாசிரியர். தந்தை தொல்லியல் அறிஞர். மகளுக்குப் பதினொரு வயதாகும்போதே இறந்துவிட்டார். பதினாறு வயதிலிருந்து பத்து ஆண்டுகள் அலுவலக வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியபடி எழுதியவர் உண்ட்ஸெட். அவருடைய பெரும்படைப்பு 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்'. ஆனால் அது பதினான்காம் நூற்றாண்டுக் கதை, வைக்கிங்குகள் மறைந்தபின் நடப்பது. நான் சொல்வது அதற்கு முன்பே, 1909இல், இருபத்தேழாம் வயதில் அவர் எழுதிய சிறு நாவல். ஆங்கிலத்தில் 'குன்னர்ஸ் டாட்டர்'.

நார்வேயில் குன்னர் என்பவனின் மகள் விக்டிஸ். ஐஸ்லாந்திலிருந்து கப்பலில் வருகிறான் லியோட் என்ற இளைஞன். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம். இங்கே ஒரு நல்ல காதல் கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவன் பொறுக்கவில்லை. அவள் தயங்கிய ஒரு நாளில் அவளை வன்முறையால் அடைகிறான். நாவல் அந்த இடத்திலேயே காதல் கதையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அவன் ஐஸ்லாந்து திரும்பி வேறொருத்தியை மணக்கிறான். அவள் மறைவாகப் பிள்ளை பெற்றுக் காட்டில் விடுகிறாள். அந்தப் பிள்ளை பிழைக்கிறது. பின்னால் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறாள். வருடங்கள் கழித்து லியோட் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான். உண்மையாகவே கேட்கிறான்; அவன் வாழ்நாள் முழுக்க அவளை மறக்கவில்லை என்பதும் உண்மை. அவள் மன்னிப்பதில்லை. வளர்ந்த மகனைக் கொண்டே பழிதீர்க்கிறாள். தீர்ந்தபின் அவளுக்கு நிம்மதியும் இல்லை.

அந்தப் புத்தகத்தை மூடி வைத்தபோது இரவு ஒரு மணி இருக்கும். என் மாணவியிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதில் இருந்தது. போகப் போகச் சரியாகாது என்பதல்ல அந்தப் பதில். அவன் ஆசைப்பட்டான் என்பது ஒரு நியாயமே ஆகாது என்பது. லியோட்டின் காதல் பொய்யில்லை. ஆனால் மெய்யான காதலாலும் அந்த ஒரு நாளை அழிக்க முடியவில்லை. இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே, குமாஸ்தா வேலை பார்த்த ஒரு பெண் எழுதி வைத்திருக்கிறாள். நான்தான் தவறான வரிசையில் படித்திருக்கிறேன்.

பிறகு இந்த நாவல்களின் மூலத்துக்குப் போனேன். ஐஸ்லாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட உரைநடைக் கதைகளை ஸாகா என்பார்கள். அவற்றில் பெண்களை மிக நெருங்கிப் பார்ப்பது 'லாக்ஸ்டேலா ஸாகா'. எழுதியவர் பெயர் தெரியாது. அதன் நடுநாயகம் குத்ரூன், அவளை விரும்பிய கியார்டன், கியார்டனோடு ஒன்றாக வளர்ந்து அவளை மணந்துகொண்ட பொல்லி என்ற மூவர். கியார்டன் கடற்பயணம் புறப்படும்போது குத்ரூன் நானும் வருகிறேன் என்கிறாள். அவன் வேண்டாம், மூன்றாண்டு காத்திரு என்கிறான். அவள் வாக்குக் கொடுக்க மறுக்கிறாள். பின்னால் நிகழும் கொலைகள் எல்லாம் இந்தச் சிறு பேச்சிலிருந்து வளர்கின்றன. நான்கு முறை மணந்து, கிழவியாகி, துறவு பூண்ட குத்ரூனிடம் அவள் மகன், நீ யாரை அதிகம் விரும்பினாய் என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. அவள் நான்கு கணவர்களின் குணங்களையும் அடுக்கிவிட்டு நழுவப் பார்க்கிறாள். அவன் விடுவதில்லை. கடைசியில் பெயர் சொல்லாமல் ஒரே வரியில் பதில் சொல்கிறாள். அது யார் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நான் அதை இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே படிக்க வேண்டும். மேக்னஸ் மேக்னஸனும் ஹெர்மன் பால்ஸனும் 1969இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு நல்லது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவள் குத்ரூன் அல்ல. கியார்டனின் பாட்டி மெல்கோர்கா.

ஹொஸ்குல்ட் என்ற ஐஸ்லாந்துப் பெருங்குடியானவன் கடல் கடந்து ஒரு சந்தைக்குப் போகிறான். ஒரு வணிகனின் கூடாரத்தில் திரைக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள் விற்பனைக்கு அமர்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் கந்தல் உடையோடு இருந்த ஒருத்தியைக் காட்டி விலை கேட்கிறான். மற்றவர்களுக்கு ஒரு மார்க் வெள்ளி, இவளுக்கு மூன்று. கூடவே ஒரு குறையையும் வணிகன் சொல்லிவிடுகிறான்: இவள் ஊமை. ஹொஸ்குல்ட் வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறான். அன்றிரவே அவளைத் தன்னோடு படுக்க வைத்துக்கொள்கிறான். மறுநாள் நல்ல உடை கொடுக்கிறான். ஸாகா இதை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறது. ஊருக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவன் மனைவி இருக்கிறாள். இவளுக்கு ஒரு மகன் பிறக்கிறான். அவள் பேசுவதில்லை. ஒரு நாள் காலையில் ஹொஸ்குல்ட் வெளியே போகும்போது பேச்சுக்குரல் கேட்கிறது. சரிவின் கீழே ஓடைக்கரையில் அவள் தன் சிறு மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அதன்பிறகே தன் பெயரைச் சொல்கிறாள். அயர்லாந்து அரசன் ஒருவனின் மகள். பதினைந்து வயதில் பிடித்துவரப்பட்டவள்.

வாள் பிடித்த பிரென்னாவின் மூலக்கதை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. கடல்கடந்த நாட்டின் பிரபு மகள், கப்பல், அடிமைத்தனம், முரட்டு வைக்கிங். எல்லாம் இருக்கின்றன; காதல் மட்டும் இல்லை. வைக்கிங் என்றதும் நம் நினைவில் வரும் கொம்பு வைத்த தலைக்கவசத்துக்கு அகழாய்வில் ஆதாரம் இல்லை. அதைப் பரப்பியதில் பெரும்பங்கு 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை அமைத்த கார்ல் எமில் டோப்ளருடையது. சிறைபிடித்தலின்மேல் காதலை ஒட்டியதும் அப்படிப் பின்னால் வந்தவர்களின் கைவேலைதான். ஸாகாவை எழுதியவருக்கு அந்தப் பொய் தேவைப்படவில்லை. ஒருத்தி ஆண்டுக்கணக்கில் ஊமையாக இருந்தாள் என்று சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

மெல்கோர்கா கற்பனையாகவே இருக்கலாம். ஆனால் 2000ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த மரபணு ஆய்வுகள் ஒன்றைக் காட்டின: ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய ஆண்களில் பெரும்பாலோர் ஸ்காண்டினேவியாவைச் சேர்ந்தவர்கள், பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து உள்ளிட்ட பிரிட்டன் பகுதித் தீவுகளிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் விலைக்கு வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. மனைவியராகக் குடும்பத்தோடு வந்தவர்களும் இருப்பார்கள். எத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்பதை இரத்தம் சொல்லாது.

எங்கள் பாடத்திலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள். புறநானூற்றில் மகட்பாற்காஞ்சி என்ற துறையை ஆண்டுதோறும் நடத்துகிறேன். பெண் கேட்டு வேந்தன் படையோடு வருகிறான், தந்தை தர மறுக்கிறான், ஊர் அழியப்போகிறது. புலவர்கள் ஊருக்காக வருந்துகிறார்கள், அவள் அழகைப் பாடுகிறார்கள், இவளைப் பெற்ற தாயை நோகிறார்கள். அவள் பேசுவதில்லை. முன்பெல்லாம் துறைவிளக்கம் சொல்லி, பொருள் சொல்லி, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். இப்போது அங்கே நிறுத்தி, அவள் என்ன நினைத்திருப்பாள் என்று மாணவிகளைக் கேட்கிறேன். தேர்வுக்கு வராத கேள்விதான். அந்த வகுப்பில்தான் அதிகம் பேர் பேசுகிறார்கள்.

லிண்ட்ஸேயைத் தூக்கி எறிந்துவிட்டேனா என்றால், இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது இன்றும் அதைத்தான் எடுப்பேன். பிரென்னா இன்னமும் எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்; அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். ஆனால் மாணவிகள் கேட்டால் கொடுக்கும் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் பெங்ட்ஸன், சிரித்துப் படிக்கட்டும். பிறகு உண்ட்ஸெட். பிறகு லாக்ஸ்டேலா. இந்த மூன்றையும் படித்தவள் லிண்ட்ஸே கேட்டால் தாராளமாகக் கொடுப்பேன். இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அந்த மாணவியை 2017இல் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கையில் ஆறேழு வயதுப் பையன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன்மா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பேருந்து வர இருபது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் பையனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். பேருந்துகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எந்த ஊர், எவ்வளவு தூரம், அங்கே என்ன ஆறு ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.